லெம்மிங் மலையிலிருந்து குதிப்பதில்லை

மாணவர்களே, லெம்மிங் என்ற கொறித்துண்ணியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் இந்தக் கதையாகத்தான் இருக்கும்: எண்ணிக்கை பெருகியதும் அவை கூட்டமாக ஓடிக் கடலில் குதித்து உயிரை மாய்த்துக்கொள்ளும். இது வெறும் கட்டுக்கதை.

பழைய இந்தக் கதையைப் பலர் நம்பக் காரணம், 1958இல் டிஸ்னி வெளியிட்ட 'ஒயிட் வில்டர்னஸ்' ஆவணப்படம். அதற்கு ஆஸ்கார் விருதும் கிடைத்தது. 1982இல் கனடிய ஒலிபரப்புக் கழகத்தின் நிகழ்ச்சி உண்மையை வெளிக்கொணர்ந்தது. அந்தக் காட்சி எடுக்கப்பட்டது கடற்கரையே இல்லாத ஆல்பர்ட்டா மாநிலத்தில். லெம்மிங்குகள் மனித்தோபாவிலிருந்து வாங்கி வரப்பட்டவை. அவை தாமாகக் குதிக்கவில்லை, படக்குழுவினரே தள்ளிவிட்டனர்.

'கண்ணால் கண்டதே சாட்சி' என்பீர்கள். ஆனால், ஒரு படம் நடந்ததைக் காட்டுமே தவிர, அது ஏன் நடந்தது என்பதைச் சொல்லாது. நார்வே லெம்மிங்குகள் பெருகும் ஆண்டுகளில் உணவும் இடமும் தேடிப் பரவுகின்றன. ஆற்றையோ ஏரியையோ நீந்திக் கடக்கும்போது சில மூழ்கிவிடும். அது விபத்து, தற்கொலை அன்று.

உண்மையான லெம்மிங் இதைவிட வியப்பானது. சிறிய உடல் வெப்பத்தை விரைவில் இழக்கும்; பரப்பளவுக்கும் கன அளவுக்கும் உள்ள விகிதத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். இருந்தும் லெம்மிங் குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. பனிக்கு அடியில் சுரங்கம் அமைத்து, பாசியைத் தின்று, அங்கேயே குட்டியும் போடுகிறது. பனியில் சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாததால் பனியே அதற்குப் போர்வை.

அந்தப் போர்வைக்குத்தான் இப்போது ஆபத்து. குளிர்காலத்தில் பனி உருகி மீண்டும் உறைந்தால், தரையில் பனிக்கட்டிப் படலம் உருவாகிச் சுரங்கத்தையும் உணவையும் மூடிவிடும். நார்வேயின் ஃபின்சே பகுதியில் 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை லெம்மிங்குகள் பெருகுவது வழக்கம். 1994க்குப் பிறகு அந்தச் சுழற்சி குலைந்ததையும், பனியின் தன்மை மாறியதே அதற்குக் காரணம் என்பதையும் 2008இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. லெம்மிங் குறைந்தால், அதை நம்பி வாழும் துருவ நரியும் பனி ஆந்தையும் பட்டினி கிடக்கும்.

பொய்க்கதையில் லெம்மிங்தான் தன் அழிவுக்குக் காரணம். உண்மையில் அதன் பனியைக் கெடுப்பது மனிதர்களாகிய நாம். அதனால்தான் இந்தக் கதையைக் கண்டு சிரித்துவிட்டுக் கடந்து போகக்கூடாது என்கிறேன்.

ஆய்வறிக்கையில் செய்முறையை எழுதாவிட்டால் உங்களுக்கு மதிப்பெண் கிடையாது. திறன்பேசியில் வரும் விலங்குக் காணொளிக்கும் அதே விதியை வையுங்கள். எங்கே எடுத்தது? யார் எடுத்தார்? விலங்கு அங்கே எப்படி வந்தது? பதில் தெரியும்வரை அதைப் பிறருக்கு அனுப்பாதீர்கள்.