சக்கரம் வைத்த பேய்கள்

பேய்க்குக் கால் கிடையாது என்று பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் சக்கரம் உண்டு என்றால் நம்புவீர்களா? 1799-ம் ஆண்டு பாரிஸ் நகரில் உலாவிய பேய்களுக்கு நிஜமாகவே சக்கரம் இருந்தது!

அவற்றை உலவ விட்டவர் ராபர்ட்ஸன். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள லியேழ் நகரில் 1763-ல் பிறந்தவர்; பௌதிகம் கற்றவர். கப்புச்சின் துறவிகள் விட்டுப்போன பாழடைந்த மடம் ஒன்றில் ஜனங்களை உட்கார வைப்பார். விளக்கு அணையும். கண்ணாடி வாத்தியம் ஒன்று மெல்ல அழும். தூரத்தில் புள்ளியாக ஓர் உருவம் தோன்றும். அது வளர்ந்து, வளர்ந்து, உங்கள் மேலேயே பாய வரும்!

ரகசியம் என்ன தெரியுமா? மாஜிக் லாந்தர்தான். விளக்கு, சித்திரம் தீட்டிய கண்ணாடி, லென்ஸ் - இவ்வளவே. ஹாலந்து தேசத்து விஞ்ஞானி ஹைஜன்ஸ் 1659-லேயே அதை அறிந்திருந்தார். ராபர்ட்ஸன் லாந்தரைச் சக்கர வண்டியில் ஏற்றித் திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். வண்டியைப் பின்னுக்கு இழுத்தால் உருவம் பெருக்கும். திரையருகே தள்ளினால் சிறுக்கும். உருவம் மங்காமலிருக்க லென்ஸையும் கூடவே நகர்த்த வேண்டும். சித்திரத்தைச் சுற்றிக் கண்ணாடி முழுவதும் கறுப்பு பூசியிருந்ததால், உருவம் மட்டும் இருட்டில் தனியே மிதந்தது.

தாம் மந்திரவாதி அல்ல என்றுதான் ராபர்ட்ஸன் சொல்லிக்கொண்டார். கேட்டவர்கள் யார்? சில ஆண்டுகளுக்கு முன்புதான், 1793-94-ல், கில்லட்டின் ஆயிரக்கணக்கானோரின் தலையை வாங்கியிருந்தது. தந்தையை, கணவனை, தோழனைப் பறிகொடுத்தவர்கள் நிறைந்த ஊர் அது. கொல்லப்பட்ட பதினாறாம் லூயி மன்னரையே வரவழைக்கும்படி ஒருவர் கேட்டுவிட்டாராம்! அதனால் 1798-ல் காட்சிக்கே தடை வந்தது என்று ராபர்ட்ஸன் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

பிறகு, அவரிடம் வேலை பார்த்தவர்களே போட்டிக் காட்சி தொடங்கினார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். வழக்கில் வண்டியும் லென்ஸும் அம்பலமாகிவிட்டன. அத்தோடு பேய் ஒழிந்ததா? இல்லை, பிறரும் காட்ட ஆரம்பித்தார்கள். 1801-ல் லண்டனிலும் அத்தகைய காட்சி நடந்தது. ராபர்ட்ஸன் 1837-ல் காலமானார். பாரிஸில் அவருடைய கல்லறையில்கூடப் பேய்க் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள்.

சூத்திரம் தெரிந்த பிறகும் ஜனங்கள் ஏன் போனார்கள் என்கிறீர்களா? போனவரை இன்னொரு தரம் பார்த்துவிட மாட்டோமா என்று ஏங்கும் நெஞ்சுக்கு, சக்கரத்தைக் காட்டிச் சமாதானம் சொல்ல முடியுமா, சொல்லுங்கள்!