மிஸ்ஸியும் தாதியும்

தேக்காவுக்குக் காய்கறி வாங்க வரும் பாட்டிமார்கள் இன்றும் "மிஸ்ஸி" என்றுதான் சொல்கிறார்கள். நாம் எழுதும்போது "தாதி", பேசும்போது "நர்ஸ்". பெயர் மட்டும்தானா மாறியது?

சென்ற ஆண்டு பயிற்சிக்காக ஒரு மருத்துவமனை வார்டில் இருந்தேன். ஒரு பாட்டி, "நெஞ்சு கரிக்குது" என்றார். இசிஜி எடுக்க வேண்டும் என்றேன் நான். நாற்பது ஆண்டு அனுபவமுள்ள சிஸ்டர், "ஏம்மா, தமிழ்ப்பள்ளியில்தானே படிச்சே? அது புளிச்ச ஏப்பம். புத்தகத்தை மூடி வை" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அழுகை முட்டியது. ஆனாலும் டாக்டரிடம் சொன்னேன். எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. சிஸ்டர் சொன்னது சரி. நான் செய்ததும் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். நெஞ்செரிச்சல் போலவே வரும் மாரடைப்பும் உண்டல்லவா?

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதிர்த்துப் பேசுகிறார்கள்" என்பது மூத்தவர்களின் குறை. அவர்கள் 1956இல் தொடங்கிய தாதிமைப் பள்ளியின் வழி வந்தவர்கள். வார்டில் வேலை செய்துகொண்டே, சொன்னதைச் செய்து கற்றவர்கள். 1992இல் பயிற்சி நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு மாறியது. 2006இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பே வந்துவிட்டது. "ஏன்?" என்று கேட்கத்தான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அது மரியாதைக் குறைவாகாது.

ஆனால் நம் பக்கமும் குறை இருக்கிறது, நண்பர்களே. நான் பிறந்த 2003இல் சார்ஸ் வந்தது. டான் டோக் செங் மருத்துவமனைத் தாதி ஹமிதா இஸ்மாயில் அவ்வாண்டு மே 11, அன்னையர் தினத்தன்று உயிரிழந்தார். சீருடையோடு ரயிலில் ஏறிய தாதியரைக் கண்டு மக்கள் விலகி உட்கார்ந்த காலம் அது. அதையெல்லாம் தாண்டி வந்தவரைக் கணினியில் மெதுவாகத் தட்டுகிறார் என்று ஓய்வறையில் கேலி செய்கிறோம். நானும் சிரித்திருக்கிறேன்.

2024இல் அறிவிக்கப்பட்ட 'ஏஞ்சல்' திட்டம், 20 ஆண்டுகளில் ஒரு லட்சம் வெள்ளி வரை தந்து தாதியரைத் தக்கவைக்கப் பார்க்கிறது. நல்லதுதான். ஆனால் ஓய்வை நெருங்கியவருக்கு முழுத் தொகையும் பெறக் காலம் ஏது? அவர்களோடு போகப்போவது அனுபவம் மட்டுமா?

"மேலுக்கு முடியல", "கிறுகிறுன்னு வருது", "வயிறு இரையுது." இவற்றையெல்லாம் கேட்டவுடன் புரிந்துகொள்ளும் இளம் தாதியர் எத்தனை பேர்? நம் பேரவை இச்சொற்களைத் தொகுத்து, தாதிமை மாணவர்களுக்கு ஒரு சிறு கையேடாகத் தரலாம். அந்தச் சிஸ்டரிடமே கேட்டுப் பதினேழு சொற்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு அவர் ஓய்வு பெறுகிறார்.