போட்டி மூளைக்கா, கணினிக்கா?

புரோகிராம் எழுதும் போட்டிகளில் பெயர்பெற்றது கூகுள் நடத்திய 'கோட் ஜாம்'. 2017 வரை அதில் போட்டியாளர் தன் சொந்தக் கணினியில்தான் நிரலை ஓட்ட வேண்டியிருந்தது; பெரிய தரவுக்கு எட்டு நிமிடமே கெடு. 2018 முதல் எல்லோர் நிரலையும் நிறுவனமே தன் கணினிகளில் ஓட்டிப் பார்த்தது.

நல்ல வழிமுறை பழைய கணினியிலும் ஓடும் என்பார்கள். பாதி உண்மை. அண்ணன் படித்து முடித்த விலையில்லா மடிக்கணினி, பேட்டரி செத்த பிறகு, தங்கை கைக்கு வரும் வீடுகள் நம் சேரிகளில் உண்டு. கெடுவுக்குள் அது ஓடி முடிக்காவிட்டால், 'தகுதி இல்லை' என்ற பேச்சு அவள் தலையில்தான் விழும். அந்தச் சொல்லை நாம் நிறையவே கேட்டாயிற்று.

நம் மாவட்டக் கல்லூரிகள் போட்டி நடத்தும்போது, மடிக்கணினியோடு வரச் சொல்லாமல் ஆய்வகத்தைத் திறந்துவிட்டு, எல்லோர் நிரலையும் ஒரே கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும் எனக் கேட்கிறோம்.