அச்சை அகலமாக்காதே, பாரத்தைத் தாழ வை!



இந்தத் தாளில் வழக்கமாகப் பொன்மொழி, விடுகதை, மரம் வளர்ப்போம் என்றெல்லாம்தான் எழுதுவோம். இந்தத் தடவை நான் ஒரு மாட்டு வண்டியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீங்க. எங்க வீட்டுல இப்போ இதுதான் பெரிய சண்டை. வண்டியோட அச்சு ஆறு அடியா, நாலரை அடியா என்பதுதான் கேள்வி. என் கருத்தை எழுதுகிறேன். படிச்சுட்டு நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

எதற்கு இந்த வண்டி?

எங்க ஊர் கொள்ளிடக் கரையில இருக்கு. மேட்டூர் அணை நிறைஞ்சு உபரி தண்ணியைத் திறந்தா, அது முக்கொம்பு, கீழணை எல்லாம் தாண்டிக் கடைசியா நம்ம சிதம்பரம் தாலுகா ஓரமாத்தான் கடலுக்குப் போகணும். 2018-ல் வெள்ளம் வந்தப்போ நான் சின்னப் பிள்ளை. 2022-ல் வந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அறிவிப்பு வந்ததும் பாத்திரம், அரிசி, பாய், ஆட்டுக்குட்டி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு மேட்டுக்குப் போய் நாலஞ்சு நாள் தங்குவோம்.

அப்போ எங்களிடம் வண்டி இல்லை. தெரிந்தவங்ககிட்ட ஒரு டயர் வண்டி இரவல் வாங்கினோம். நல்ல அகலமான வண்டி. எல்லா சாமானும் ஏறிடுச்சு. ஆனா வாய்க்கால் மதகுகிட்ட வந்ததும் சக்கரத்துக் குடம் மதகுச் சுவரில் இடிச்சு நின்னுடுச்சு. முன்னாலயும் போகல, பின்னாலயும் வரல. கொட்டுற மழையில எல்லாத்தையும் இறக்கினோம். அரிசி மூட்டை நனைஞ்சு போச்சு. அப்பா எங்க ஆயாவை முதுகுல தூக்கிக்கிட்டு மதகைத் தாண்டினாரு. என் புத்தகம் வச்சிருந்த டிரங்குப் பெட்டி தண்ணிக்குள்ள விழுந்துச்சு. அந்த வருஷம் முழுக்க ஒட்டிப்போன கணக்குப் புத்தகத்தை வச்சுத்தான் படிச்சேன்.

அதனாலதான் அப்பா இப்போ சொந்தமா ஒரு வண்டி செய்யப் போறாரு. மாடு ரெண்டு இருக்கு. சாமானும் ஏத்தணும், போற இடத்துல படுக்கவும் வேணும். சக்கரம் வச்ச சின்ன வீடுன்னு வச்சுக்குங்களேன்.

பட்டறையில் நடந்தது

சிதம்பரத்துல ஒரு பழைய இரும்புக் கடையில ரெண்டு அச்சு இருக்கு. ஒண்ணு, இந்தச் சக்கர நடுவுக்கும் அந்தச் சக்கர நடுவுக்கும் ஆறு அடி வரும். இன்னொண்ணு நாலரை அடி. பட்டறைக்காரர், "அகலமா வைங்க, குடை சாயாது" என்றார். அப்பாவும், "ஆமா, ஆறு பேரும் படுக்கலாம்" என்றார். நான் நாலரைதான் நல்லதுன்னு சொன்னேன். "பொம்பளப் புள்ளைக்கு அச்சு அளவைப் பத்தி என்னா தெரியும்?" என்று எல்லாரும் சிரிச்சாங்க.

எனக்குத் தெரியாதுதான். அதனால டேப் எடுத்துக்கிட்டுப் போய் அளந்தேன்.

நான் அளந்தது

முதலில் மதகு. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே ஆறரை அடி. நாலரை அடி அச்சு போட்டா டயரோட பாதி அகலமும் குடமும் பக்கத்துக்கு அஞ்சு அங்குலம் வெளியே நீட்டும். மொத்தம் அஞ்சு அடி நாலு அங்குலம். ரெண்டு பக்கமும் ஏழு ஏழு அங்குலம் மிச்சம் இருக்கும். ஆறு அடி அச்சுன்னா மொத்தம் ஆறு அடி பத்து அங்குலம். மதகை விட நாலு அங்குலம் கூட. பட்டறைக்காரர் எவ்வளவு நல்லா வெல்டிங் வச்சாலும் அந்த நாலு அங்குலம் குறையாது.

ரெண்டாவது வண்டித்தடம். கரை மேல டிராக்டர் போய்ப் போய் ரெண்டு பள்ளம் விழுந்திருக்கு. நடுவுக்கு நடு அளந்தா நாலரை அடி. நாலரை அடி வண்டி அந்தத் தடத்திலேயே அமைதியாப் போகும். ஆறு அடி வண்டியோட ஒரு சக்கரம் பள்ளத்துல விழுந்துட்டா, இன்னொண்ணு அடுத்த பள்ளத்தைத் தாண்டி ஒன்றரை அடி வெளியே, கரையோட ஓரத்துல ஓடும். மழையில அந்த ஓரம்தான் முதல்ல சரியும். ஒரு சக்கரம் பள்ளத்துலயும் ஒண்ணு மேட்டுலயும் ஓடினா வண்டி எந்நேரமும் சாய்ஞ்சே போகும். குடை சாயாம இருக்கணும்னு அகலமாக்கி, அந்த அகலத்தாலேயே சாய்க்கலாமா?

மூணாவது அச்சோட பலம். இதை எங்க வீட்டுத் துணி காயப்போடுற மூங்கிலைப் பார்த்தே கத்துக்கிட்டேன். ஈரச் சேலையை மூங்கில் நடுவுல போட்டா வளையுது. கம்பத்துக்குக் கிட்டப் போட்டா வளையல. அச்சும் அப்படித்தான். வண்டிச் சட்டம் சக்கரத்துக்குக் கிட்ட உட்கார்ந்தா பாரம் நேரா சக்கரத்துக்குப் போயிடும். அச்சு ஆறு அடி, சட்டம் மட்டும் மூணரை அடின்னா பாரம் எல்லாம் நடு அச்சுல விழும். அதுக்கு இன்னும் கனமான அச்சு வேணும். அந்தக் கனத்தையும் மாடுதான் இழுக்கணும்.

நாம வலியறிதல் அதிகாரத்துல படிச்சிருக்கோம். மயிலிறகு ஏத்தின வண்டியே ஆனாலும் அளவு மீறினா அச்சு முறிஞ்சுடும்னு வள்ளுவரே சொல்லியிருக்காரு. பரீட்சைக்கு எழுதுறோம், பட்டறைக்குப் போனா மறந்துடுறோம்.

சரி, குடை சாயாதா?

பட்டறைக்காரர் சொன்னது பொய் இல்ல. அதையும் ஒத்துக்கணும். அகலமான வண்டி லேசில் சாயாது. அதனால நானும் என் தம்பியும் சோதனை செஞ்சு பார்த்தோம். பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் சக்கரம் செஞ்சு, அகலமா ஒண்ணு, குறுகலா ஒண்ணு, ரெண்டு குட்டி வண்டி கட்டினோம். தீப்பெட்டிகளில் மண் நிரப்பிப் பாரமா வச்சோம். வண்டியை ஒரு பலகை மேல குறுக்கே நிறுத்தி, பலகையை ஒரு பக்கமாத் தூக்கினோம்.

மூணு பெட்டியை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா குறுகல் வண்டி சீக்கிரம் சாய்ஞ்சுடுச்சு. அகல வண்டி தாங்கிச்சு. தம்பி கை தட்டினான். அப்புறம் குறுகல் வண்டியில அதே மூணு பெட்டியைத் தாழ, பக்கம் பக்கமாப் படுக்க வச்சோம். இப்போ குறுகல் வண்டியும் அகல வண்டி மாதிரியே தாங்கிச்சு!

ஏன் அப்படி? கணக்கு டீச்சர் சொல்லிக் கொடுத்த டேன்ஜென்ட்தான். அச்சு அகலத்துல பாதியை, பாரத்தோட நடுப்புள்ளி தரையிலேருந்து இருக்கிற உயரத்தால் வகுக்கணும். ஆறு அடி அச்சு, மூணு அடி உயரம்னா 3-ஐ 3-ஆல் வகுத்தா 1. அதாவது 45 டிகிரி சாயும் வரைக்கும் நிக்கும். நாலரை அடி அச்சு, அதே மூணு அடி உயரம்னா 0.75. சுமார் 37 டிகிரியிலேயே விழுந்துடும். ஆனா நாலரை அடி அச்சுல பாரத்தை ரெண்டே கால் அடிக்கு இறக்கினா? ரெண்டே காலை ரெண்டே காலால் வகுத்தா திரும்பவும் 1. அதே 45 டிகிரி!

ஆகவே அகலத்தால் கிடைக்கிற பலனைத் தாழ்வாலும் அடையலாம். பள்ளம் மேட்டுல ஆட்டம் இருக்கும், அதனால நிஜத்துல 45 வரைக்கும் போய்ப் பார்க்கக் கூடாது. ஆனா ரெண்டு வண்டியும் சமம் என்பதுதான் என் வாதம். அகலத்துக்கு மதகு குறுக்கே நிக்குது. தாழ்வுக்கு யாரும் குறுக்கே நிக்கல. அரிசி மூட்டையும் தண்ணி டிரம்மும் அடியில, பாயும் துணியும் மேல. அவ்வளவுதான்.

அப்போ எங்கே படுப்பது?

இதுக்குப் பதில் எங்க ஆயா கொடுத்தது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவாரு இல்லையா? வழியில கிள்ளை தர்காவிலேயும் சுவாமிக்கு வரவேற்பு உண்டு. எல்லாருக்கும் தெரியும். ஆயா சின்ன வயசுல கூண்டு வண்டி கட்டிக்கிட்டுத்தான் அங்கே போவாங்களாம். "வண்டிக்குள்ள எல்லாருமா படுப்பாங்க? பொம்பளைங்க உள்ளே, ஆம்பளைங்க வண்டிக்கு அடியில, கைக்குழந்தைக்கு நுகத்தடியில தூளி" என்றாங்க ஆயா. வண்டி ஓடுறப்போ ஒரு அகலம், நின்னப்புறம் ஒரு அகலம். அந்தக் காலத்துலயே கண்டுபிடிச்சுட்டாங்க!

நான் போட்ட திட்டம் இது. நடுப்பலகை ரெண்டு சக்கரத்துக்கும் இடையே மூணரை அடி அகலம், எட்டு அடி நீளம். பக்கப் பலகை ரெண்டும் ஒன்றே முக்கால் அடி. அதுக்குக் கீல் வச்சு, சக்கரத்துக்கு மேலே வர்ற மாதிரி மாட்டணும். ஓடும்போது மடிச்சு நிறுத்தினா அது வண்டிக்குச் சுவர். நின்னதும் விரிச்சு, கீழே முட்டுக்கட்டை கொடுத்தா ரெண்டு பக்கமும் திண்ணை. மொத்தம் ஏழு அடி! நடுவுல ஆயா, அம்மா, தங்கச்சி. ஒரு திண்ணையில நான், ஒண்ணுல தம்பி. அப்பா வண்டிக்கு அடியில, மாட்டுக்குப் பக்கத்துல.

சட்டத்துக்கு டப்பா பைப் வேண்டாம், சி சேனல் போதும். நம்ம பக்கம் உப்புக் காத்து. பைப்புக்கு உள்ளே தண்ணி போனா உள்ளேயே துருப்பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. சேனல்னா எல்லாப் பக்கமும் பெயின்ட் அடிக்கலாம். அச்சைச் சட்டத்தோட வெல்டிங் வைக்காம யூ கிளாம்ப் போட்டு முடுக்கினா, வேணும்கிறப்போ கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தலாம். முன்பாரம் அதிகமானா மாட்டுக் கழுத்து புண்ணாகும். பின்பாரம் ஆனா நுகத்தடி மேலே தூக்கிக்கும். கொஞ்சூண்டு முன்பாரம் இருக்கணும், அதுதான் சரி. பெங்களூரு இந்திய மேலாண்மை நிறுவனத்தின் முதல் இயக்குநரா இருந்த என். எஸ். ராமசாமி அவர்கள், மாட்டு வண்டியை எப்படி மேம்படுத்தலாம்னு பல வருஷம் பாடுபட்டவர். அவ்வளவு படிச்சவரே மாட்டுக் கழுத்தைப் பத்திக் கவலைப்பட்டாரு. நாம படக்கூடாதா?

"ஆறு அடி அச்சை வாங்குவோம், தேவைப்பட்டா நடுவுல வெட்டி ஒட்டிக்கலாம்" என்று மாமா சொல்றாரு. வேண்டாம் மாமா. நடுவுலதான் பாரம் அதிகம். ஒட்டுப் போட்ட இடத்துலதான் முதல்ல முறியும்.

ரயிலும் தேரும் சொல்வது

கடலூர், சிதம்பரம் வழியா ஓடின ரயில் முன்னே மீட்டர் கேஜ். தண்டவாளத்துக்கு இடையே 1 மீட்டர். 2010-ல் அது அகலப்பாதை ஆச்சு, 1.676 மீட்டர், அதாவது அஞ்சரை அடி. ஆனா அதுக்குச் சக்கரத்தை மட்டுமா மாத்தினாங்க? சில வருஷம் ரயிலையே நிறுத்திப் பாதையைப் புதுசாப் போட்டாங்க. சிதம்பரம் தேரும் அகலம்தான். அது ஓடறதுக்குக் கீழவீதி, தெற்குவீதி, மேலவீதி, வடக்குவீதின்னு நாலு பெரிய வீதியும் இருக்கு. அகலமான வண்டிக்கு அகலமான பாதை இருக்கு, அதனால ஓடுது. நம்ம வாய்க்கால் மதகை நமக்காக யாரு நாளைக்கே இடிச்சுக் கட்டப் போறாங்க? பாதைக்குத்தான் வண்டி.

முடிவா ஒண்ணு

எவ்வளவு நல்ல வண்டியா இருந்தாலும் முழங்கால் தண்ணி ஏறினப்புறம் கிளம்பக் கூடாது. அறிவிப்பு வந்ததும் கிளம்பணும். அதுக்கு வண்டி வழியில நிக்காம போகணும். பத்து நிமிஷம் மதகுல நின்னாலும் அந்தப் பத்து நிமிஷம் தண்ணிக்குச் சொந்தம்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை அப்பா கடைக்கு முன்பணம் கொடுக்கப் போறாரு. ஒரு தடவை வாங்கிட்டா இன்னொரு அச்சு வாங்கக் காசு கிடையாது. நேத்து ராத்திரி என் நோட்டை வாங்கி, மதகு அளவை மட்டும் ரெண்டு தடவை பார்த்தாரு. ஒண்ணும் சொல்லல. காலையில எழுந்து பார்த்தா டேப் அது இருந்த இடத்துல இல்லை. அப்பாவும் இல்லை. மதகுப் பக்கம் போயிருந்தாரு!

நண்பர்களே, உங்க வீட்டுலயும் வண்டி, படகு, கட்டில், கதவு எது செஞ்சாலும் முதல்ல அது போற வழியை அளந்து பாருங்க. நாலரையா ஆறா, உங்க தீர்ப்பைப் பக்கத்துல ஒட்டியிருக்கிற வெள்ளைத் தாளில் எழுதுங்க. பென்சில் நூலில் கட்டியிருக்கு. தயவுசெய்து பென்சிலை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி