ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது, குணம் ஏன் மாறியது?

60 வயதைக் கடந்த மலேசியர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு 'டிமென்ஷியா' எனும் மறதி நோய் இருக்கக்கூடும் என்று சுகாதார அமைச்சின் 2018ஆம் ஆண்டு முதியோர் ஆய்வு கூறியது. இந்த எண் அவ்வப்போது செய்திகளில் வருகிறது. அந்நோய்க்கு முந்திய கட்டத்தைப் பற்றித்தான் நம்மிடையே பேச்சே இல்லை.

மருத்துவர்கள் அதை லேசான அறிவாற்றல் குறைபாடு என்கிறார்கள். நினைவாற்றல் வயதுக்குரிய அளவைவிடச் சற்று மங்கியிருக்கும். ஆனால் சமையல், கடைகண்ணி, கோயில் எல்லாம் வழக்கம்போல நடக்கும். அதனால் வீட்டில் சந்தேகம் வருவதில்லை. எந்த நிரையில் பால்மரம் வெட்டினோம், அப்போது கங்காணி யார் என்று தாத்தா மளமளவெனச் சொல்லும்போது, "அவருக்கா மறதி?" என்றுதான் தோன்றும். பழைய நினைவு எளிதில் போகாது. முதலில் நழுவுவது பெரும்பாலும் நேற்று நடந்த சங்கதிதான்.

மறதியைவிட மனநிலை மாற்றமே சில வீடுகளில் முதலில் கண்ணில் படுகிறது. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்தக் குறைபாடு உள்ளவர்களில் 43 விழுக்காட்டினரிடம் முந்தைய ஒரு மாதத்தில் மனநிலை அல்லது நடத்தை மாற்றம் காணப்பட்டது. மனச்சோர்வு 20 விழுக்காடு; நாட்டமின்மையும் எரிச்சலும் தலா 15 விழுக்காடு.

நம் வீடுகளில் இவற்றுக்கு வேறு பெயர்கள். திருவிழா என்றால் முதல் ஆளாக நிற்கும் அம்மா, இப்போது நாற்காலியை விட்டு எழுவதில்லை என்றால் அது சோம்பல். சின்ன விஷயத்துக்கும் அப்பா கத்தினால் "வயசானா அப்படித்தான்". யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பணம் செலவழித்த குடும்பங்களும் உண்டு.

சோர்வும் நாட்டமின்மையும் ஒன்றல்ல. சோர்ந்தவர் வருந்துவார், அழுவார், தன்னால் எல்லாருக்கும் பாரம் என்பார். நாட்டம் போனவருக்கு அந்த வருத்தம்கூட இருக்காது. ஒன்றைத் தொடங்கும் உந்துதல்தான் போயிருக்கும். இரண்டையும் மருத்துவர் வெவ்வேறு விதமாகக் கையாள வேண்டும். திட்டுவதால் இரண்டுமே சரியாகாது.

இந்தக் குறைபாடு உள்ள எல்லாருக்கும் டிமென்ஷியா வருவதில்லை. சிலர் பழைய நிலைக்கே திரும்புகிறார்கள். ஆனால் மனநிலை மாற்றமும் சேர்ந்திருப்பவர்களுக்கு அந்த அபாயம் கூடுதல். தைராய்டு கோளாறு, காது மந்தம், தூக்க மாத்திரை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரலாம். கடைசியாகச் சொன்னது நமக்கு முக்கியம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி வயதுவந்த மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அதற்கான மெட்ஃபோர்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது. பி12 பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிக்கு மாறியவர்களின் நிலை தனி. லயத்தில் பக்கத்து வீட்டுக் குரலோடு வாழ்ந்தவர், பத்தாவது மாடியில் பூட்டிய கதவுக்குள் இருந்தால் முகம் வாடாமல் என்ன செய்யும்? அந்த வாட்டம் நோயா, தனிமையா என்று பிரித்துப் பார்க்க மருத்துவருக்கு இந்தக் கதையும் தெரிய வேண்டும்.

சிக்கல் அங்கேதான். கிளினிக்குக் கூட்டிப்போவது மகன். நாள் முழுக்க உடனிருந்து பார்ப்பது மருமகள் அல்லது பேத்தி. "ஓகேதான் டாக்டர்" என்று மகன் சொல்ல, இரத்த அழுத்தம் பார்த்ததோடு வேலை முடிகிறது. நினைவுச் சோதனை செய்தாலும், தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்ற ஒருவரின் மதிப்பெண் படிப்புக் குறைவாலும் இறங்கும். ஆகவே அந்தத் தாளைவிட, "முன்பு எப்படி, இப்போது எப்படி, எப்போதிலிருந்து" என்று வீட்டார் சொல்வதே பல நேரங்களில் மருத்துவருக்குக் கூடுதலாக உதவும்.

அடுத்த கிளினிக் தேதிக்கு முன் உடனிருப்பவர் அதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பலாம். பெரியவர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாதியிடம் நீட்டினால் போதும். தூக்கம் எப்படி, கடைசியாக எப்போது வெளியே போனார், எந்த மாத்திரையெல்லாம் சாப்பிடுகிறார் என்பதும் அதில் இருக்கட்டும்.