ஆப்பில் 760... ஷோரூமில் 690... ஒரே ஆளுக்கு இரண்டு கிரெடிட் ஸ்கோர் ஏன்? கடன் அறிக்கையில் எதைப் பார்க்கணும்?

மதுரை ஒத்தக்கடையைச் சேர்ந்த ஒருவர் பைக் லோன் வாங்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருந்து கிளம்பும் முன் செல்போன் ஆப்பில் ஸ்கோர் பார்க்கிறார். 760 காட்டுகிறது. தெம்பாகத்தான் போகிறார். ஆனால், மேலூர் ரோட்டில் இருக்கும் ஷோரூமில் வேறு கதை.

"என்னண்ணே, காலையிலதான் பாத்தேன். 760 இருந்துச்சு. நீங்க 690-ங்கிறீங்க?"

"நீங்க பாத்தது வேற கம்பெனி ரிப்போர்ட்டா இருக்கும்ணே. எங்களுக்கு வந்தது இதுதான்."

இதில் யார் சொல்வது சரி? இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

சிபில் மட்டும்தானா?

நம்ம ஊரில் கிரெடிட் ஸ்கோர் என்றாலே 'சிபில்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் சிபில் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். 2000-ல் தொடங்கப்பட்டது. இப்போது அமெரிக்காவின் டிரான்ஸ்யூனியன் குழுமத்தைச் சேர்ந்தது. இதைப் போலவே எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என மேலும் மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. இந்த மூன்றுக்கும் 2010-ல் ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. நான்குமே 2005-ம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருபவை.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இந்த நான்கிலும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று 2015-ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதாவது, நீங்கள் வாங்கும் கடனின் விவரம் நான்கு இடத்துக்கும் போகும். ஸ்கோர் நான்கிலுமே 300 முதல் 900 வரைதான்.

அப்புறம் ஏன் ஸ்கோர் மாறுது?

முதல் காரணம், கணக்கு போடும் முறை. தாமதத்துக்கு எவ்வளவு மார்க் குறைப்பது, கார்டை அதிகம் தேய்த்தால் எவ்வளவு குறைப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாக முடிவு செய்கிறது.

இரண்டாவது காரணம், தேதி. 2025 ஜனவரி 1 முதல் 15 நாளுக்கு ஒரு முறையாவது தகவலைப் புதுப்பிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. ஆனாலும் புதுப்பிக்கும் தேதிகளுக்கு இடையே கொஞ்சம் இடைவெளி இருக்கத்தான் செய்யும். போன வாரம் நீங்கள் அடைத்த கடன் ஓர் அறிக்கையில் 'முடிந்தது' என்றும், இன்னொன்றில் 'பாக்கி இருக்கிறது' என்றும் தெரிய இது போதும்.

மூன்றாவது காரணம், பெயர். தமிழ்நாட்டில் இது கொஞ்சம் கூடுதல் தலைவலி. நமக்கு இருப்பது இனிஷியல். குடும்பப் பெயர் கிடையாது. ஒரே ஆள் ஆதாரில் 'கே.முத்து', பான் கார்டில் 'முத்து கருப்பையா', பழைய லோன் பேப்பரில் 'முத்து கே' என்று இருப்பார். பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்துதான் கடன் யாருடையது என்று முடிவாகிறது. இதில் ஒன்று பிசகினால், உங்கள் கடன் உங்கள் அறிக்கையில் வராமல் போகலாம். அதைவிட மோசம், அதே பெயருள்ள இன்னொருவரின் கடன் உங்கள் தலையில் வந்து விழலாம்.

முதல் இரண்டு காரணத்தால் வரும் வித்தியாசத்துக்குப் பதறத் தேவையில்லை. மூன்றாவதை விடக் கூடாது.

நம்பரைவிட வரி முக்கியம்

ஸ்கோர் என்பது ஒரு நம்பர். அதற்குப் பின்னால், ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கட்டம் என்று நீளமான அறிக்கை இருக்கிறது. சிபில் அறிக்கையில் 36 மாதம் வரைக்குமான தவணை வரலாறு தெரியும்.

இந்த வரிகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், கடன் அறிக்கையைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டது. கடனை எல்லாம் அடைத்துவிட்டதாக அவர் வாதாடினார். ஆனால், திருப்பிச் செலுத்தியதில் இருந்த பழைய குறைபாட்டைச் சுட்டிக்காட்டி, வங்கியின் முடிவில் தலையிட சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் மறுத்துவிட்டது.

விவசாயிகளுக்கும் இது புதுசு இல்லை. கூட்டுறவு சங்கங்களில் பயிர்க்கடனுக்கு சிபில் அறிக்கை பார்க்கப்படும் என்ற அறிவிப்பு 2025-ல் தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. வேறு வங்கியில் கடன் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அறிக்கை, ஸ்கோரை வைத்துக் கடன் மறுக்க மாட்டோம் என்று அரசுத் தரப்பில் விளக்கம் வந்தது. அங்கேயும் பேச்சு, அறிக்கையில் இருக்கும் வரிகளைப் பற்றித்தான்.

அறிக்கையில் எதைப் பார்க்கணும்?

நான்கு நிறுவனங்களும் ஸ்கோருடன் கூடிய முழு அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். ஆக, வருடத்துக்கு நான்கு அறிக்கை இலவசம். அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே வாங்கலாம். நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

* பெயர், பான் எண், முகவரி, செல்போன் எண் சரியா?
* நீங்கள் வாங்காத கடன் ஏதாவது இருக்கிறதா?
* அடைத்து முடித்த கடன், 'குளோஸ்டு' என்று இருக்கிறதா? 'செட்டில்டு' என்று இருந்தால், பாக்கியில் ஒரு பகுதியை வங்கி விட்டுக்கொடுத்து முடித்தது என்று அர்த்தம். அடுத்த வங்கிக்கு அது நல்ல சேதி இல்லை.
* நகைக்கடனைத் திருப்பிய பிறகும் பாக்கி காட்டுகிறதா?
* சொந்தக்காரருக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தால், அந்தக் கடன் எந்த நிலையில் இருக்கிறது?
* நீங்கள் விண்ணப்பிக்காத நிறுவனம் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்திருக்கிறதா?

தப்பு இருந்தா என்ன செய்யணும்?

எந்த நிறுவனத்தின் அறிக்கையில் தப்போ, அங்கே ஆன்லைனில் புகார் செய்யலாம். கடன் கொடுத்த வங்கியிடமும் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். கடன் முடிந்ததற்கான சான்று, கடைசித் தவணை ரசீது ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுப்பது நல்லது.

புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால், ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. 2024 ஏப்ரலில் இருந்து இது நடைமுறையில் இருக்கிறது. தாமதம் வங்கி மீதா, கடன் தகவல் நிறுவனம் மீதா என்பதைப் பொறுத்து, அவர்கள் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'ஸ்கோரைக் குறைவாகக் கணக்கு போட்டுவிட்டார்கள்' என்ற புகாருக்கு இந்த இழப்பீடு கிடையாது. எந்த வரி தப்பு என்று காட்டினால்தான் புகார் நிற்கும்.

அதற்கும் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் இந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. கட்டணம் இல்லை.

ஸ்கோரை எப்படி ஏத்துறது?

வரிகள் எல்லாம் சரி, ஆனாலும் ஸ்கோர் குறைவு என்றால், அதற்குக் குறுக்கு வழி இல்லை.

தவணையைத் தேதிக்குள் கட்டுங்கள். சம்பளம் 5-ம் தேதி வரும், தவணை 2-ம் தேதி என்றால், தேதியை மாற்ற முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். கிரெடிட் கார்டு லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவை வைத்துக்கொள்வது நல்லது என்பது பொதுவான ஆலோசனை. ஒரே மாதத்தில் ஐந்தாறு ஆப்பில் லோன் கேட்காதீர்கள். நகைக்கடனைக் கெடு தாண்ட விடாதீர்கள்.

'பணம் கொடுத்தால் சிபிலை கிளியர் செய்து தருகிறோம்' என்பவர்களிடம் உஷார். உண்மையாகவே தவறிய தவணையை யாராலும் அழிக்க முடியாது. தப்பான தகவல் என்றால், அதை நீங்களே காசில்லாமல் திருத்தலாம்.

இதுவரை கடனே வாங்கியதில்லையா? கடன் வரலாறு இல்லை என்பதற்காக மட்டும் முதல் முறை கடன் கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்பதே ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல். 2025 ஆகஸ்டில் மக்களவையில் மத்திய நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சவுத்ரி இதைத் தெளிவுபடுத்தினார். குறைந்தபட்ச ஸ்கோர் இவ்வளவு என்று ரிசர்வ் வங்கி எதையும் நிர்ணயிக்கவில்லை என்றும் அவர் சொன்னார்.

ஷோரூமில் என்ன கேட்கணும்?

ஒத்தக்கடை ஷோரூமுக்கே திரும்புவோம். 690 என்று சொன்னதும் சண்டை போடவோ, பேசாமல் திரும்பவோ வேண்டாம். கடன் கொடுக்கும் நிறுவனம் பார்த்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க, 2005-ம் ஆண்டு சட்டத்தின் 21-வது பிரிவு விண்ணப்பதாரருக்கு உரிமை கொடுக்கிறது.

கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள்தான். "இது எந்தக் கம்பெனி ரிப்போர்ட்டுண்ணே? எந்தத் தேதியில எடுத்தது? எந்த லோன்னால குறைஞ்சிருக்கு?"

மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லும். அது உங்கள் கடன் என்றால் வங்கிக்குப் போய்க் கட்டுங்கள். உங்கள் கடனே இல்லை என்றால், அன்றைக்கே புகாரைப் பதிவு செய்யுங்கள். 30 நாள் கணக்கு அப்போதுதான் தொடங்கும்.