வரம்பில்லாத பொத்தான்கள்

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து நாவிதன்வெளிக்குப் போயிருந்தேன். நெடுநாள் பழக்கமான விவசாயி ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டி, "காக்கா, ரெண்டும் ஒண்டுதானே, எத அமத்துற?" என்று கேட்டார். கட்டணம் செலுத்தும் செயலி அது. திரையில் இரண்டு பொத்தான்கள். இரண்டிலும் 'கட்டணத்தை…' என்றே இருந்தது. ஒன்று 'கட்டணத்தை உறுதிப்படுத்துக', மற்றது 'கட்டணத்தை ரத்துச் செய்க'. வால் வெட்டுண்டு தலை மட்டும் மிஞ்சியிருந்தது.

மொழிபெயர்த்தவர்மீது குற்றமில்லை. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து கட்டிய கூட்டுக்குள் தமிழைத் திணித்ததால் வந்த வினை. பத்து எழுத்துக்குட்பட்ட ஆங்கிலச் சொல் பிறமொழிகளில் இரண்டு மூன்று மடங்காக நீளலாம் என்று ஐ.பி.எம். நிறுவனம் முன்பே கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறது.

எங்கள் வட்டைகளில் வரம்பை வீண் நிலமென்று எவரும் சொல்வதில்லை. தண்ணீரைத் தடுப்பதும் நடக்க வழிவிடுவதும் அதுவே. திரையிலும் எழுத்துக்கும் பொத்தானின் விளிம்புக்கும் நடுவே ஓர் இடைவெளி, பொத்தானுக்கும் அடுத்த பொத்தானுக்கும் நடுவே இன்னோர் இடைவெளி என இரண்டு வேண்டும். இவற்றோடு, எந்த ஓரம் எதனோடு பிணைந்து எவ்வளவு விரியலாம் என்ற கட்டுப்பாடும் உண்டு. சொல்லின் நீளத்துக்கேற்பப் பொத்தான் விரிவதற்கான வசதியை ஆப்பிள் 2012இலும், கூகிள் மேலும் செம்மையாக 2016இலும் தந்துவிட்டன. ஆயினும் அகலத்தை ஓர் எண்ணாக எழுதிப் பூட்டிவிடுகிறார்கள்.

எழுத்தைச் சிறிதாக்குவது மருந்தன்று. உயரத்தை இறுக்குவது அதனினும் கேடு. மேற்சுழி வெட்டுப்பட்டால் 'கி'யும் 'கீ'யும் ஒன்றாகிவிடும். விரல் படும் இடம் ஏறத்தாழ 9 மில்லிமீற்றராவது இருக்கவேண்டுமென்பது கூகிளின் பரிந்துரை. வயலில் காய்த்த விரலுக்கு அதுவும் போதாதென்பேன்.

தொண்ணூறுகளில் பக்கங்களை வெட்டி ஒட்டிய காலத்தில், தலைப்பு இடங்கொள்ளாவிட்டால் இரண்டு வரியாக்குவோம், அல்லது வேறு சொல் தேடுவோம். பாதிச் சொல்லோடு அச்சுக்கு அனுப்பியிருந்தால் ஆசிரியர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

தமிழும் அரசகரும மொழியென்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொல்கிறது. வாசிக்க முடியாத தமிழைத் திரையில் வைத்துவிட்டு 'மும்மொழிச் சேவை' என்று விளம்பரம் செய்வதை எப்படி ஏற்பது?

அந்த விவசாயி இப்போது செயலியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டார். ஆங்கிலம் அவருக்கு வாசிக்க வராது. பச்சைப் பொத்தான் காசு போகும், சிவப்புப் பொத்தான் போகாது என்று பேரன் சொல்லிக் கொடுத்திருக்கிறானாம்.